வெள்ளை மிளகுப் பத்தி

எனக்குப் பத்து வயதில் ஒரு மாணவி இருந்தாள். அவளுக்கு வயது பத்தொன்பது. என் அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை. பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு முறை தவறியிருந்தாள். நானோ வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல். மலைமேல் இருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டில் ஆங்கிலம் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. வீட்டில் யாரும் அதைக் கெடுக்கவில்லை. கெடுத்திருந்தால் அத்தைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாவது முறை எழுதுவதற்கு அப்பா ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார். இந்தத் தடவையும் போனால் பரீட்சைப் பேச்சையே விட்டுவிட்டு நூல் மில் வேலைக்குப் போய்விட வேண்டும். மில்லுக்கு ஆள் சேர்க்க ஒருவர் ஒவ்வொரு வருஷமும் எங்கள் மலையின் கடைவீதியான சோளக்காட்டுக்கு வருவார். அத்தையோடு படித்த மூன்று பேர் அவருடைய வேனில் ஏறி மலையிறங்கியவர்கள்தாம். ஒருத்தி பொங்கலுக்கு வந்திருந்தபோது ஆளே பாதியாக இருந்தாள். அத்தைக்கோ நர்ஸ் ஆக வேண்டும். அதற்கு மேலே படிக்க வேண்டும், மேலே படிக்கப் பத்தாவது தேற வேண்டும், பத்தாவது தேற இந்த ஆங்கிலம் ஒழிய வேண்டும். வழியில் குறுக்கே விழுந்து கிடந்தது அந்த ஒரு தாள்தான்.

அப்பா நாமக்கல் போய் ஒரு கைடு வாங்கி வந்தார். தலையணை அளவு கனம். முதல் வேலையாக நான் அதன் கடைசியில் இருந்த விடைப் பக்கங்களை பிளேடால் அறுத்தெடுத்து என் பள்ளிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மாணவி பார்த்து எழுதிவிடக் கூடாதல்லவா. சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அத்தை "சரீங்க டீச்சர்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதில் கேலி இருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அது மிளகு பறிக்கும் காலம். பாடத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்க யாரும் விடமாட்டார்கள், அதனால் பாடம் வேலையோடு சேர்ந்தே நடந்தது. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு அத்தை மேலே ஏறுவாள். நான் கைடோடு கீழே நிற்பேன். ஒரு மரத்துக்கு ஒரு சொல் என்று கணக்கு. அந்த மரத்தின் சொல்லுக்கு அர்த்தமும் எதிர்ச்சொல்லும் சொல்லி, ஒரு வாக்கியத்திலும் அமைத்துக் காட்டினால்தான் இறங்கலாம். பாவம், சில மரங்களில் அத்தை நெடுநேரம் இருந்திருக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் அப்பா, "எது வரைக்கும் பறிச்சாச்சு?" என்று கேட்டதற்கு, அத்தை யோசிக்காமல், "கரேஜ் மரம் வரைக்கும் ஆச்சுங்ணா, நாளைக்கு ஷெல்டர்ல ஆரம்பிக்கோணும்" என்றாள். அப்பா தோட்டத்துக்குப் போய், ஏணி எந்த மரத்தில் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார்.

இலக்கணம் பாறையில் நடந்தது. பறித்த மிளகுச் சரத்தைப் பாறையில் கொட்டிக் காலால் மிதித்து மணியை உதிர்ப்பது எங்கள் வழக்கம். மிதிப்பதற்குத் தாளம் தேவை. 'கோ' என்றால் வலது கால், 'வென்ட்' என்றால் இடது கால், 'கான்' என்றால் குதிகாலில் ஒரு திருப்பு. அப்படியே கம், கேம், கம். உள்ளங்கால் காந்தும், ஆனால் பாடம் ஏறும். கூடவே அம்மாவும் மிதித்ததால் அவளுக்கும் பாதிக்குமேல் மனப்பாடம் ஆகிவிட்டது. மத்தியானம் வாசலில் நின்று, "ஈட்டு, ஏட்டு, ஈட்டன்... வாங்க எல்லாரும், களி ஆறுது" என்று கூப்பிடுவாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எங்கள் வீட்டில் யாருக்கோ மந்திரிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி.

இப்படி இலக்கணமும் சொல்லும் மெல்லத் தேறிவந்தன. தேறாதது ஒன்றே ஒன்றுதான். பத்தியைப் படித்து விடையளி. ஒரு பத்தி கொடுத்திருப்பார்கள், கீழே ஐந்து கேள்விகள் இருக்கும், பத்தியிலிருந்தே விடை எழுத வேண்டும். உலகத்திலேயே சுலபமான வேலை இதுதான் என்பது என் கருத்து. கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறதோ, அந்த வரியை அப்படியே தூக்கி எழுதினால் போதும். நான் ஒருநாளும் இதில் மதிப்பெண் இழந்ததில்லை.

அத்தையோ ஒருநாள் ஐந்துக்கு ஐந்து எடுப்பாள், மறுநாள் ஐந்துக்கு ஒன்று. தபால்காரரைப் பற்றிய பத்தி, கப்பலைப் பற்றிய பத்தி எல்லாவற்றிலும் பிழையே இல்லை. பலாப்பழம் பற்றிய பத்தியில் அப்படியே சறுக்கினாள். பலா மார்கழிக் குளிரில் பழுக்கும் என்று பத்தி சொல்லியிருக்க, அத்தை கோடைக்காலம் என்று எழுதி, ஆடி வரைக்கும் கிடைக்கும் என்று தகவல் வேறு சேர்த்திருந்தாள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். இவளுக்குக் கவனம் போதாது என்று அப்பாவிடம் முறையிட்டேன். ஒரு மாதத்தில் பரீட்சை.

அப்புறம் வெள்ளை மிளகுப் பத்தி வந்தது.

மிளகு நறுமணப் பொருள்களின் அரசன் என்று அது தொடங்கியது. கருமிளகுச் செடி, வெள்ளை மிளகுச் செடி என்று மிளகுச் செடி இரண்டு வகை என்றும், கருமிளகுச் செடியில் கருமிளகும் வெள்ளை மிளகுச் செடியில் வெள்ளை மிளகும் காய்க்கின்றன என்றும் சொன்னது. விவசாயி இரண்டையும் தனித்தனி வயல்களில் விதைக்கிறான். வெள்ளை மிளகு எங்கிருந்து கிடைக்கிறது? இது மூன்றாவது கேள்வி. அத்தை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதியிருந்தாள். ஒரே கொடிதான். பழுத்துச் சிவந்த மிளகைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, தோலைக் கசக்கிக் கழுவிக் காயவைத்தால் வெள்ளை மிளகு. தோலோடு காயவைத்தால் கருமிளகு. விதை போடுவதில்லை, கொடியை வெட்டித்தான் நடுவார்கள்.

நான் பூட்டைத் திறந்து விடைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நான்கு வரியையும் அடித்தேன்.

"ஏன் கண்ணு அடிச்சே?"

"தப்பு."

"எங்கே தப்பு? இங்கிலீஷு தப்பா, மொளகு தப்பா?"

"பத்தியில என்ன இருக்குதோ அதைத்தான் எழுதோணும்."

"பத்தியில பொய்யி இருக்குதே சாமி. நாமளே ஓடையில சாக்கு ஊறப்போட்டிருக்கமல்ல?"

"அது நம்ம ஊரு மொளகு. இது இங்கிலீஷ் மொளகு" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம்கூட இல்லை. மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். செடியில் வெள்ளையாகக் காய்க்கும் என்று தன் கையால் எழுதமாட்டாளாம். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். சாக்கு தைத்துக்கொண்டிருந்த அப்பா ஊசியோடு எழுந்து வந்து என்னவென்று கேட்டார். கேட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்புள்ள, நீ இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போறியா, மொளகு வெவசாயத்துக்குப் புக்கு எழுதப் போறியா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "போன தடவையும் இப்படித்தாங்ணா ஆச்சு" என்றாள்.

அதுவரை எங்களில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதேயில்லை. பெயில் என்றால் படிப்பு ஏறவில்லை என்று முடித்துக்கொண்டிருந்தோம். போன தடவை பரீட்சையில் வந்த பத்தி ஒரு கதையாம். காட்டில் வழிதவறிய ஒருவன் கரடியைக் கண்டு மரத்தில் ஏறித் தப்பிக்கிறான். தப்பிக்க அவன் என்ன செய்தான் என்று கேள்வி. மரத்தில் ஏறக் கூடாது, கரடி நன்றாக மரம் ஏறும், சரிவில் இறங்கி ஓடியிருக்க வேண்டும் என்று அத்தை விளக்கமாக எழுதியிருக்கிறாள்.

"கரடி மரம் ஏறுமுங்ணா. உங்களுக்கே தெரியுமல்ல?"

அப்பாவுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "மில்லுக்காரரு ஆனியில வருவாரு" என்று மட்டும் சொன்னார். அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். அதற்குப் பிறகு மூன்று நாள் பாடம் இல்லை. மரங்களுக்குச் சொல் இல்லை. பாறையில் நாங்கள் தாளமில்லாமல் மிதித்தோம். கழுத்தில் சாவி தொங்கியது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அத்தையின் பிடிவாதத்தை நினைத்து அழுதேன் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். உண்மையில், என் மாணவி மில்லுக்குப் போய்ப் பாதியாகத் திரும்பி வருவாளோ என்று பயமாக இருந்தது.

நான்காம் நாள் ஊர்க்கூட்டம். யாருடைய மாடோ யாருடைய மரவள்ளிக் காட்டிலோ மேய்ந்துவிட்டது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு முறை உண்டு. சாட்சி சொல்ல வருகிறவர்களை ஊர்க்கவுண்டர் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். பார்த்துச் சொல்கிறாயா, கேட்டுச் சொல்கிறாயா? பார்த்துச் சொல்கிறேன் என்றால் அதில் பொய்யிருந்தால் பழி சொன்னவரைச் சேரும், கோயிலில் சாமி முன்னால் குற்றவாளியாகப் போய் நிற்க வேண்டிவரும். கேட்டுச் சொல்கிறேன் என்றால் யார் சொல்லக் கேட்டது என்று பெயரைச் சொல்லிவிட வேண்டும். பிறகு மெய்யோ பொய்யோ, அது முதலில் சொன்னவர் பாடு. சிறுபிள்ளைகள் விளையாட்டில்கூட நாங்கள் இதைக் கேட்டுக்கொள்வோம்.

அன்றைக்குச் சாட்சியாக அத்தையைக் கூப்பிட்டார்கள். தண்ணீருக்குப் போகும் வழியில் அந்த மரவள்ளிக் காடு இருந்ததால் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பார்த்துச் சொல்றியா சாமி, கேட்டுச் சொல்றியா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"கேட்டுத்தானுங்க சொல்றேன். செவல மாடு மேஞ்சுதுன்னு மேக்கால ஊட்டுக்கார அக்கா சொன்னாங்க. நான் பாக்கலீங்க."

சொல்லிவிட்டு அத்தை அப்படியே நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பிறகு கூட்டம் முடியும்வரை பொறுக்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் ஓட்டமும் நடையுமாக வந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது.

"எடு கண்ணு, அந்த மொளகுப் பத்திய."

எடுத்தேன். மூன்றாவது கேள்விக்கு மறுபடி விடை எழுதினாள். 'தி பேசேஜ் செய்ஸ்' என்று தொடங்கி, அதாவது பத்தி சொல்கிறது என்று போட்டுவிட்டு, வெள்ளை மிளகுச் செடியிலிருந்து வெள்ளை மிளகு கிடைக்கிறது என்று பத்தியின் வரியை அப்படியே எழுதினாள். நான்காம் கேள்விக்கும் அதே தொடக்கம். ஐந்தாவதற்கும் அதே.

"இப்ப நான் சொல்லல. பத்தி சொல்லுது, நான் கேட்டு எழுதறேன். பொய்யின்னா அதோட பொய்யி, என்னுதில்ல" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு தெளிவு.

நான் விடைப் பக்கத்தோடு ஒப்பிட்டேன். விடைப் பக்கத்தில் 'தி பேசேஜ் செய்ஸ்' என்ற மூன்று சொற்கள் இல்லை. ஆகவே அரை மதிப்பெண் குறைத்தேன். அத்தை வாதாடினாள். கடைசியில் ஒரு கொய்யாப்பழத்துக்கு அந்த அரையைத் திருப்பிக் கொடுத்தேன். இதை எங்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பத்தியும் அவளைத் தடுக்கவில்லை. பலா மார்கழியில் பழுத்தது, பத்தி சொன்னது. கரடி மரத்தடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது, அதையும் பத்திதான் சொன்னது. அத்தை சிரித்துக்கொண்டே எழுதித் தள்ளினாள்.

பரீட்சை நாமக்கல்லில். விடியும் முன்பே அப்பாவும் அத்தையும் பஸ் ஏறினார்கள். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் வயிறு புரளும் என்று அத்தை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவளை வாசலிலேயே மறித்து, பத்தி எதைப் பற்றி என்று கேட்டேன்.

"ரயிலப் பத்தி கண்ணு."

எனக்கு நிம்மதி. ரயிலில் சண்டை போட அத்தைக்கு ஒன்றுமில்லை, அவள் ரயிலைப் பார்த்ததேயில்லை. அப்படியே எழுதிவிட்டாயா என்று கேட்டேன்.

"எழுதிட்டேன். எல்லாத்துக்கும் முன்னால பத்தி சொல்லுதுன்னு போட்டேன்."

"ஐயோ, எதுக்கு அத்தை? அது உண்மையாத்தானே இருக்கும்?"

"இருக்கும். ஆனா நான் ரயிலப் பாக்கலையே. கேட்டுத்தானே சொல்றேன்?"

எந்த விடைப் பக்கத்திலும் இல்லாத மூன்று சொற்களை ஐந்து விடைகளுக்கும் முன்னால் ஒட்டிவிட்டு வந்திருக்கிறாள்! திருத்துகிறவர் என்னைப் போன்ற ஆளாக இருந்தால் என்ன கதி? நான் அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மாரியம்மனிடம் போய், திருத்துகிறவர் என்னைவிட நல்லவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டியது அந்த வயதில் எனக்கே கொஞ்சம் உறுத்தியது.

நல்லவர்தான். வைகாசியில் முடிவு வந்தது. சோளக்காட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த கடையில் அப்பா எண்ணைச் சொல்லிப் பார்த்து, தாளிலும் எடுத்துக்கொண்டிருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஆங்கிலத்தில் ஐம்பத்தெட்டு. அம்மா அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "ஒரு பலகாரமாவது வாங்கியார எனக்குத் தோணல பாரு" என்று மூக்கைச் சிந்தினார். அத்தை மட்டும் அழவில்லை. அவள் அந்தத் தாளை வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு, "இத நானே பாத்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆனியில் மில்லுக்காரர் வந்தபோது அத்தை ஹாஸ்டலுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊசி வலிக்காது என்று எந்தக் குழந்தையிடமும் அவள் சொல்வதில்லை என்று கேள்வி.

அந்த வருஷம் ஊர் முழுக்க நான்தான் வெற்றி விழா நடத்தினேன். அத்தையைப் பாஸ் பண்ணவைத்தது நான் என்று வீடு வீடாகச் சொன்னேன். கேட்டவர்கள் என் கையில் பொரிமாவும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினார்கள். என் மாணவி தடுமாறித் தடுமாறிக் கடைசியில் படிக்கக் கற்றுக்கொண்டாள் என்றுதான் நான் உண்மையாகவே நம்பினேன். ஒரு பத்தியில் பொய்யிருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அதை முதலில் வரி விடாமல் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு தடவை பெயிலானபோதும் அவள் படித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளை மிளகுப் பத்தியை அத்தைக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள், எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக நானே ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அன்று காலையில்தான் அம்மாவோடு ஓடைக்குப் போய், ஊறிய சாக்கை அவிழ்த்து, அழுகிய தோலை என் இரண்டு கையாலும் கசக்கிக் கழுவி, வெள்ளை வெளேரென்று மிளகை அள்ளிக் கூடையில் போட்டிருந்தேன். கையில் அந்த நாற்றம் அப்படியே இருந்தது. அந்தக் கையால் பேனாவைப் பிடித்து, வெள்ளை மிளகுச் செடியில் வெள்ளை மிளகு காய்க்கிறது என்று அழகாக எழுதி, ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொண்டேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.